சுத்த மட்டம்

"உங்க வண்டிக்குப் பின்னாடி இருக்கிற குண்டு, தரையிலேந்து எத்தனை அங்குலம் இருக்கும்?"

ஒரு நாளைக்கு இருபது தடவையாவது இந்தக் கேள்வியை அவள் போனில் கேட்பாள். எதிர்முனையில் இருப்பவர்கள் எல்லாரும் நல்லவர்கள்தான். ஆனால் ஒருவராவது நேராகப் பதில் சொன்னதாகச் சரித்திரம் இல்லை. "பின்னாடி உட்கார்ந்திருக்கிறது எங்க மாமியார்ங்க, அவங்களை அளக்கவா?" என்று ஒருவர் கேட்டார். "ஐயோ, என் வண்டியில குண்டா!" என்று அலறி இன்னொருவர் போனையே வைத்துவிட்டார். மூன்றாவது ஒருவர் தன் முழங்கால் உயரம் இருக்கும் என்றார். அவருடைய முழங்கால் எத்தனை அங்குலம் என்று அவள் பொறுமையாகக் கேட்டாள்.

அவளும் அவள் கணவரும் நடத்துவது டிரெய்லர் யார்டு. கார், ஜீப், பிக்கப் எது வந்தாலும் அதன் பின்னால் இழுத்துச் செல்ல டிரெய்லர் வாடகைக்குத் தருவார்கள். சொந்த டிரெய்லர் வைத்திருப்பவர்களுக்குக் கொக்கி மாட்டியும் தருவார்கள். வண்டியின் பின்னால் ஓர் இரும்புத் தட்டு தொங்கும். அதில் மேலிருந்து கீழாக ஏழு துளைகள். எந்தத் துளையில் குண்டை முடுக்குகிறோமோ அந்த உயரத்தில் டிரெய்லரின் மூக்கு நிற்கும். குண்டின் மேல் டிரெய்லரின் கிண்ணம் தொப்பி மாதிரி கவிழ்ந்து உட்காரும். விஷயம் இவ்வளவுதான். இவ்வளவு சின்ன விஷயத்தில் மனிதர்கள் எத்தனை விதமாகத் தப்புச் செய்ய முடியும் என்பதை முப்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

யார்டில் பதினொரு டிரெய்லர்கள். எல்லாவற்றுக்கும் அவள் பெயர் வைத்திருந்தாள். ஜெனரேட்டர் ஏற்றிய கனத்த வண்டி பெரியப்பா. சின்னச் சக்கரம் வைத்துக் குதித்துக்கொண்டே போவது குட்டிம்மா. எந்த வண்டியில் மாட்டினாலும் ஒத்துப்போகாமல் முனகும் நீலநிற டிரெய்லருக்குச் சம்பந்தி என்று பெயர். "சம்பந்தியை யாருக்கு அனுப்பட்டும்?" என்று அவள் கேட்டால், கணவர் தலையைத் தூக்காமல், "யாருக்கும் வேணாம்" என்பார். அவரைப் பொறுத்தவரை அது நீளமான வாக்கியம்.

பேச்சு அவள் இலாகா, அளவு அவர் இலாகா. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான்.

ஊரில் அவரை ரசமட்டம் என்பார்கள். கொத்தனார்கள் சுவர் மேல் வைத்துப் பார்க்கும் குமிழி வைத்த கட்டை இருக்கிறதே, அதன் பெயர்தான். அது எப்போதும் அவர் கையில் இருக்கும். கையில் இல்லாவிட்டால் அக்குளில் இருக்கும். டீக்கடைக்குப் போனால் மேஜை ஆடுகிறதா என்று முதலில் பார்ப்பார். ஆடினால் காகிதத்தை மடித்துக் காலுக்கு அடியில் செருகிவிட்டுத்தான் டீ சொல்வார். ஆஸ்பத்திரியில் அவள் அறுவை சிகிச்சை முடிந்து கண் விழித்தபோது, பக்கத்தில் புருஷன் கண்ணீரோடு நின்றிருக்கவில்லை. கட்டிலின் கால்பக்கம் குனிந்து எதையோ திருகிக்கொண்டிருந்தார். "ஒரு பக்கம் இறங்கியிருக்கு. உனக்கு முதுகு வலிக்கும்" என்றார். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து தையல் வலித்தது. பூப்போட்ட வார்த்தை ஒன்றுகூடச் சொல்லத் தெரியாத மனுஷன். ஆனால் அவள் தலை சாயும் இடமெல்லாம் சாயாமல் இருக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்வார். இதற்கு மேல் ஒருத்திக்கு என்ன வேண்டும் என்றுதான் அவள் நினைத்துக்கொள்வாள், கோபம் இல்லாத நாட்களில்.

அவருக்கு ஒரு சொல் பிடிக்காது: பரவாயில்லை. வாடிக்கையாளர் யாராவது, "ரெண்டு அங்குலம்தானே, பரவாயில்ல விடுங்க" என்றால் ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுவார். அவர் வாயில் அந்தச் சொல் கடைசியாக வந்தது இருபத்தைந்தாவது வயதில். வண்டியில் கூட இருந்தது அவருடைய சிநேகிதர், அதாவது அவளுடைய அண்ணன். அண்ணன் படகு கட்டும் தச்சர். மரம் ஏற்றிய டிரெய்லரை இருவரும் இழுத்துக்கொண்டு புறப்பட்டார்கள். "கொக்கி உயரமா இருக்குடா" என்றார் அண்ணன். "பரவாயில்ல" என்றார் இவர். கொக்கி உயரமாக இருந்தால் டிரெய்லரின் மூக்கு மேலே தூக்கும், பாரமெல்லாம் பின்பக்கம் போகும், வேகம் எடுத்ததும் வால் ஆட்ட ஆரம்பிக்கும். முதலில் நாய் மாதிரி மெதுவாக ஆட்டும். பிறகு எதை நீ ஓட்டுகிறாய், எது உன்னை ஓட்டுகிறது என்று தெரியாது. இறக்கத்தில் டிரெய்லர் கவிழ்ந்தது. ஆள் சேதம் இல்லை. அண்ணன் ஆறு மாதம் தேடிச் சேர்த்த மரம் சிலாம்பு சிலாம்பாகச் சாலையில் கிடந்தது. அண்ணன் ஒரு வார்த்தை திட்டவில்லை. குனிந்து பொறுக்க ஆரம்பித்தார்.

மறுநாள் இவர் ரசமட்டம் ஒன்று வாங்கினார். அடுத்த வருஷம் அண்ணன் வீட்டில் சொன்னார்: "என் தங்கச்சிக்கு இவனைவிட நேரான ஆள் கிடைக்க மாட்டான்." அப்படித்தான் கல்யாணம் நடந்தது.

இவ்வளவு நெருக்கமானவர்கள்தான் ஏழு வருஷமாகப் பேசிக்கொள்ளவில்லை. காரணம் சொத்தும் இல்லை, சண்டையும் இல்லை. ஒரே ஒரு சொல்.

அண்ணன் தனக்கென்று ஒரு படகு கட்டினார். ஊருக்கெல்லாம் கட்டிக் கொடுத்தவர், ஐம்பது வயதுக்கு மேல் தனக்காக ஒன்று. அதை ஏற்றிச் செல்ல டிரெய்லரையும் தானே செய்தார். எட்டு மாத உழைப்பு. முடிந்ததும் பட்டறைக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று பத்துப் பதினைந்து பேரோடு யார்டுக்கு இழுத்து வந்தார். எல்லாரும் சுற்றிச் சுற்றிப் பார்த்துப் புகழ்ந்தார்கள். இவர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. இரண்டு முறை சுற்றினார். ரசமட்டத்தை டிரெய்லரின் முதுகில் வைத்தார், குனிந்தார், நிமிர்ந்தார்.

"மாப்ளே, நீங்க ஒண்ணும் சொல்லலியே?" என்றார் அண்ணன்.

"மட்டமா இருக்கு" என்றார் இவர்.

யாரோ ஒருத்தன் களுக்கென்று சிரித்தான். அண்ணன் முகம் சுருங்கியது. "மட்டமாவா?"

"ஆமா மச்சான்" என்றார் இவர், மனசு நிறைந்து போய். "சுத்த மட்டம்."

இப்போது கூட்டம் முழுக்கச் சிரித்தது.

தமிழில் இந்த ஒரு சொல்லைப் படைத்தவன் யாராக இருந்தாலும் அவனை நிற்க வைத்துக் கேட்க வேண்டும். ஏற்றத்தாழ்வு இல்லாமல் சரியாக இருப்பதும் மட்டம், கேவலமாக இருப்பதும் மட்டம். வேலைக்குப் போகாமல் இருந்தாலும் மட்டம் போட்டான், ஒருவனை நாலு பேர் நடுவே இழிவாகப் பேசினாலும் மட்டம் தட்டினான். ரசமட்டத்தின் வாயிலிருந்து மட்டம் என்று ஒரு சொல் வாங்க அந்த ஊர் மெக்கானிக்குகள் தவம் கிடப்பார்கள். அது அண்ணனுக்கும் தெரியாதது அல்ல. ஆனால் எட்டு மாதம் கண்விழித்துச் செய்த ஒன்றைச் சுற்றி நின்று பத்துப் பேர் சிரிக்கும்போது தெரிந்ததும் மறந்துபோகும். அண்ணன் வண்டியில் ஏறினார். கதவைச் சாத்திய சத்தம், உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்த அவளுக்குக் கேட்டது. பதினைந்து டம்ளர்களோடு அவள் வெளியே வந்தபோது சாலையில் புழுதிதான் இருந்தது.

அவள் எவ்வளவோ முயன்றாள். போன் செய்தால் அண்ணி எடுத்து, "அவர் குளிக்கிறாருங்க" என்பாள். எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் குளித்துக்கொண்டிருந்தால் மனிதன் கரைந்தே போயிருக்க வேண்டும். கடிதம் எழுதினாள்: அவர் சொன்னது அந்த மட்டம் இல்லை, இந்த மட்டம். எழுதிப் பார்த்தபோது இரண்டும் ஒன்றாகவே இருந்தன. புருஷனுக்குப் பூசி மெழுகுகிறாள் என்று அண்ணன் சொன்னதாகக் காதில் விழுந்தது. கணவரிடம், "ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டா குறைஞ்சா போயிடுவீங்க?" என்றாள். அவர் நிஜமாகவே புரியாமல் பார்த்தார். "நான் நல்லதுதானே சொன்னேன்? அதைவிட நல்ல வார்த்தை என்கிட்ட இல்லியே."

அம்மாவும் அப்பாவும் போன பிறகு அவளுக்குத் தாய்வீடு என்று மிச்சம் இருந்தது அந்த ஓர் அண்ணன்தான். "பாப்பா" என்று அவளைக் கூப்பிட உலகத்தில் வேறு ஆள் கிடையாது. ஐம்பது வயதுக்காரிக்கு எதற்குப் பாப்பா என்று கேட்கலாம். கேட்பவர்களுக்கு அண்ணன் இல்லை என்று அர்த்தம்.

இப்படியிருக்கையில் ஒரு திங்கட்கிழமை போன் அடித்தது. அவள் வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

"இருபத்தி நாலரை அங்குலம்" என்றது ஒரு பெண்குரல். "டிரெய்லரோட கிண்ணம் பதினெட்டு. டிரெய்லரை ரசமட்டம் வெச்சு நேரா நிறுத்திட்டுத்தான் அளந்தது."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். முப்பது வருஷத்தில் முதல் நேரான பதில்.

"யாரும்மா நீங்க?"

"அத்தை, நான்தான்."

அண்ணன் மகள். கண் பரிசோதித்துக் கண்ணாடி போட்டுக் கொடுக்கும் படிப்புப் படித்தவள். கடை போடாமல், டிரெய்லருக்குள்ளேயே கடையை வைத்து, டாக்டர் எட்டிப் பார்க்காத ஊர்களுக்கெல்லாம் போவதாக இருந்தாள். பழைய டிரெய்லர் ஒன்றை வாங்கியாகிவிட்டது. அப்பாவின் பிக்கப் உயரம், டிரெய்லர் தாழ்வு. மாட்டி ஓட்டிப் பார்த்தால் வால் ஆட்டுகிறது.

"வேற பட்டறையில காட்டினோம் அத்தை. பரவாயில்ல, ஓடும்னுட்டாங்க. அதைக் கேட்டதும் அப்பா வெளியே வந்துட்டார். அப்புறம்…" அவள் குரலைத் தாழ்த்தினாள். "அங்கே போன் பண்ணுன்னு அப்பாதான் சொன்னார். ஆனா நான் சொன்னேன்னு சொல்லாதேன்னார். இப்போ பக்கத்துலதான் நிக்கறார்."

அத்தை பேனாவை மறுபடி எடுத்தாள். "அளந்தது யாருடீ?" என்றாள்.

"அப்பாதான்."

போனை வைத்துவிட்டு அவள் கணவரிடம் எண்களைச் சொன்னாள். யார் என்று சொல்லவில்லை. அவர் ஒரு கணம் கண்ணை மூடினார். "வித்தியாசம் ஆறரை. பாரத்துக்கு ஒரு அங்குலம் விடணும். அஞ்சரை இறக்கினா போதும். தட்டைத் தலைகீழா மாட்டணும்." பிறகு, "ஒழுங்கா அளந்திருக்காங்களே, யாரு?" என்றார்.

"எங்கண்ணன்."

அவர் ஸ்பேனரைத் துணியால் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

அவர்கள் வருவது வியாழக்கிழமை. அன்று காலை அவள் கணவரை உட்கார வைத்துப் பாடம் நடத்தினாள்.

"ஏங்க, இன்னிக்கு ஒரு நாள் அந்த வார்த்தை வேணாம். உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்."

"எந்த வார்த்தை?"

"அதான், அந்த வார்த்தை. அதுக்குப் பதிலா சமமா இருக்குன்னு சொல்லுங்களேன்."

"சமம்னா ரெண்டு சாமான் வேணும். இது ஒண்ணுதானே?"

"சரி, நேரா இருக்குன்னு சொல்லுங்க."

"நேருங்கிறது சுவருக்கு. மேலேந்து கீழே பாக்கறது."

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அப்போ நல்லா இருக்குன்னு சொல்லுங்க. மூணு வயசுக் குழந்தை சொல்லும்!"

கசப்பு மருந்தைக் குடிப்பவர் மாதிரி அவர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "நல்லா இருக்கு." அவளுக்கு உடனே ஒரு சந்தேகம் வந்தது. தினமும் சாப்பிட்டு எழும்போது அவர் சொல்வது இதே தொனியில்தான். அந்த விசாரணையை அவள் வேறொரு நாளைக்கு ஒத்திவைத்தாள்.

பத்து மணிக்குப் பிக்கப் வந்தது. பின்னால் வெள்ளை டிரெய்லர் மூக்கைத் தூக்கிக்கொண்டு வந்தது. ஓட்டிவந்தது அண்ணன்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. வண்டியைக் கேட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்தியவர், இறங்கவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நேரே தெரிந்தது சம்பந்தி டிரெய்லரின் பின்பக்கம். அதில் பார்க்க ஒன்றும் இல்லை.

மருமகள் மட்டும் குதித்து ஓடிவந்து அத்தையைக் கட்டிக்கொண்டாள். "அப்பா, இறங்கி வாங்களேன்" என்று திரும்பிக் கத்தினாள். கண்ணாடிக்குள் தலை அசையவில்லை. ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிடலாமா என்று அத்தைக்கு இருந்தது. திறந்து, அவர் திரும்பாமலே இருந்துவிட்டால்? இதோடு ஏழு வருஷம் எழுபது ஆகிவிடும். அவள் ஆபீஸ் அறை வாசலிலேயே நின்றாள்.

கணவருக்கு இந்த நாடகம் எதுவும் கண்ணில் படவில்லை. அவருக்கு வேலை கிடைத்துவிட்டது. டிரெய்லர் சக்கரங்களுக்கு அடியில் கட்டை வைத்தார். மூக்கைத் தாங்கும் முன்காலை இறக்கிக் கிண்ணத்தைக் குண்டிலிருந்து விடுவித்தார். பிக்கப்பின் பின்னாலிருந்து பழைய தட்டை உருவி எடுத்து, துளை வைத்த தம் தட்டைத் தலைகீழாகச் செருகினார். தரையிலிருந்து அளந்தார். ஒரு துளை கீழே, மறுபடி அளந்தார். குண்டை வைத்து, முழு உடம்பும் சாய்ந்து நட்டை முடுக்கினார். பக்கக் கண்ணாடியில் அண்ணன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது வாசலில் நின்றவளுக்குத் தெரிந்தது. நட்டு இறுகும்போது அண்ணன் தோளும் கூடவே சாய்ந்தது.

கிண்ணம் குண்டின் மேல் டொக்கென்று உட்கார்ந்தது. சங்கிலிகளைக் குறுக்காக மாட்டினார். பிறகு டிரெய்லரின் கதவைத் திறந்து, வாசலோரத் தரையில் ரசமட்டத்தை வைத்துக் குனிந்தார்.

"எப்படி இருக்கு மாமா?" என்றாள் மருமகள்.

அவர் நிமிர்ந்தார். மனைவியைப் பார்த்தார். அவள் கண்ணாலேயே கெஞ்சினாள்.

"நல்லா இருக்கு" என்றார்.

பிக்கப்பின் கதவு படாரென்று திறந்தது.

"நல்லா இருக்கா?" அண்ணன் இறங்கி வேட்டைக்குப் போகிறவர் மாதிரி நடந்து வந்தார். "என்ன மாப்ளே நல்லா இருக்கு? இந்த வாயிலேந்து நல்லா இருக்குன்னு வந்தா நான் பயந்துதானே ஆகணும்? ஒப்புக்குச் சொல்ற பேச்செல்லாம் ஊரானுக்குச் சொல்லுங்க. இதுல போகப்போறது என் பொண்ணு!"

ஏழு வருஷத்துக்குப் பிறகு அவர் பேசிய முதல் பேச்சு இதுதான். நலமா என்று கேட்கவில்லை, தங்கை பக்கம் திரும்பவில்லை. டிரெய்லர் வாசலில் மண்டியிட்டு ரசமட்டத்தைப் பார்த்தார். குமிழி நடுவில் இல்லை. முன்பக்கமாக ஓடிப்போய் நின்றது.

"பாருங்க, எங்கே நிக்குதுன்னு! இது மட்டம் இல்லையே மாப்ளே! ஏன் மட்டமா இல்ல?"

சொல்லிவிட்டார். அவரேதான் சொன்னார், ஒன்றுக்கு இரண்டு தடவை. கணவர் மறுபடி மனைவியைப் பார்த்தார், வாக்குக் கொடுத்தவர் அல்லவா. "ஐயோ, பேசுங்களேன்!" என்றாள் அவள்.

"மச்சான், மூக்கு ஒரு அங்குலம் தூக்கித்தான் வெச்சிருக்கேன். காலி வண்டி இது. பாரம் ஏறினா பிக்கப்போட ஸ்பிரிங் வில்லு இறங்கும், அப்போ சரியா வந்து நிக்கும். இப்பவே மட்டமா வெச்சா, பாரம் ஏறினதும் மூக்கு குத்தும். கொஞ்சம் எடம் விட்டுத்தான் வெக்கணும்." இத்தனை வார்த்தைகளை ஒரே மூச்சில் அவர் பேசி அவள் கேட்டதே இல்லை. "பாரம் எங்கே?"

"மெஷின், அலமாரி எல்லாம் வீட்ல இருக்கு மாமா" என்றாள் மருமகள். "வால் ஆட்டுதுன்னு இறக்கி வெச்சுட்டோம். முன்பக்கமாத்தான் வரும். இருநூறு கிலோ இருக்கும்."

"பாக்காம எப்படி நம்பறது?" என்றார் அண்ணன்.

கணவர் அண்ணனைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். பிறகு வாசலில் நின்ற மனைவியை, மேலிருந்து கீழாக, சாமானை எடைபோடுவது போலவே பார்த்தார்.

"மூணு பேரும் ஏறுங்க" என்றார். "கணக்குச் சரியா வரும்."

"என் எடையை யார்டு முழுக்கச் சொல்லுங்க!" என்று சொல்லிக்கொண்டே அவள் வந்தாள். ஆனால் டிரெய்லர் வாசல் உயரமாக இருந்தது. அவள் தடுமாறிய அந்த நொடியில் உள்ளே ஏறியிருந்த அண்ணன் கையை நீட்டினார். அவள் பிடித்துக்கொண்டாள். மரத்தில் வேலை செய்து காய்த்துப்போன அதே கை. இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

உள்ளே புது பெயிண்ட் வாசனை. பின்சுவரில் பெரிதிலிருந்து சிறிதாக எழுத்து அடுக்கிய கண் பரிசோதனை அட்டை. முன்கோடியில் ஒரு பலகை. அதில் மூவரும் உட்கார்ந்தார்கள்: ஒரு ஓரம் மருமகள், ஒரு ஓரம் அண்ணன், நடுவில் அவள். அண்ணனுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடைவெளி இருந்தது.

பிறகு அவள் அட்டையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "உனக்கு எப்போ தெரிஞ்சுது?"

"என்ன தெரிஞ்சுது?"

"அந்த மட்டம் எந்த மட்டம்னு."

அண்ணன் நகத்தைச் சுரண்டினார். "மறுநாள் காலையில."

"மறுநாளா!"

"ஆத்திரம் தாங்கல. அப்படி என்ன மட்டம்னு பாத்துடலாம்னு நானே ரசமட்டத்தை வெச்சுப் பாத்தேன். குமிழி நட்டநடுவுல நின்னுச்சு, ஆணி அடிச்ச மாதிரி."

"மறுநாளே தெரிஞ்சும் ஏழு வருஷமா?" அவள் அவர் பக்கம் திரும்பினாள். "நான் எத்தனை தடவை போன் பண்ணியிருப்பேன்! எந்நேரமும் குளிச்சுக்கிட்டே இருந்தியே அண்ணா! அம்மா அப்பா இல்லாதவளுக்கு நீயும் இல்லாம போயிட்டியேன்னு நான் அழாத நாள் உண்டா?" கையால் அவர் தோளில் அடித்தாள். பலமாகவே அடித்தாள்.

அண்ணன் வாங்கிக்கொண்டார். "எப்படி வர்றது பாப்பா? போன வேகம் அப்படி. பத்துப் பேர் முன்னாடி கதவை அறைஞ்சுட்டுப் போனவன், எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுத் திரும்பி வருவான்? இந்த மாசம் போலாம், அடுத்த மாசம் போலாம்னு… கூச்சமும் வயசு ஏற ஏற ஏறுது."

பாப்பா என்ற சொல் அவள் காதில் விழுந்தது. அதற்கு மேல் அவளால் திட்ட முடியவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மருமகள் மிக அக்கறையாக ஜன்னல் வழியே பெரியப்பா டிரெய்லரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியிலிருந்து கணவரின் குரல் வந்தது. வாசலில் மண்டியிட்டு ரசமட்டத்திலேயே கண்ணாக இருந்தார். உள்ளே நடப்பது எதுவும் தெரியாதவர் போலத்தான் தோன்றினார், தெரியாதோ என்னவோ.

"மச்சான், பாரம் ஒரு பக்கமா இருக்கு. நடுவுல தள்ளி உக்காருங்க."

அண்ணன் கொஞ்சம் நகர்ந்தார்.

"இன்னும் கொஞ்சம்."

அண்ணன் இன்னும் நகர்ந்தார். அவருடைய தோள் தங்கையின் தோளில் வந்து இடித்து நின்றது. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, போட்டோவுக்கு உட்கார்ந்தவர்கள் மாதிரி அசையாமல் இருந்தார்கள். பிக்கப்பின் வில் ஒருமுறை கிறீச்சிட்டு அடங்கியது.

"மட்டமா இருக்கு" என்றார் கணவர். கொஞ்சம் பொறுத்து, ரசித்துச் சொன்னார். "சுத்த மட்டம்."

"கேட்டுச்சா அண்ணா?" என்றாள் அவள்.

"கேட்டுச்சு பாப்பா" என்றார் அண்ணன். "அன்னிக்கு என் காதுதான் மட்டம்."

அவள் சிரித்த சிரிப்பில் குமிழி ஆடியிருக்க வேண்டும். "ஆடாதீங்க" என்று வெளியே அதட்டல் கேட்டது. பிறகு, "சரி, பாத்தாச்சு. எறங்கலாம்" என்றார் கணவர்.

யாரும் இறங்கவில்லை. அவர் இரண்டாம் முறை சொல்லவில்லை. ரசமட்டத்தை எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டு டீ போட ஆபீஸ் அறைக்குள் போனார்.